அப்பத்தா வைத்த சொம்புத் தண்ணீர்

எங்கள் அப்பத்தா 2019-ல், 89 வயதில், இங்கே புனே வீட்டில்தான் கண்மூடினார். பிறந்தது ரங்கூன். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் அங்கே குண்டு போட்டபோது அவருக்குப் பதினொரு வயது. கப்பலில் இடம் கிடைக்கவில்லை. லட்சக்கணக்கான இந்தியர்களைப் போல இவர்களும் நடந்தார்கள். புரோமிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டி டாங்கப், பிறகு படகில் அக்யாப், சிட்டகாங்... வழியெல்லாம் காலரா. ஓடைத் தண்ணீரைக் குடித்த நாலு வயதுத் தம்பியை மலையிலேயே விட்டுவிட்டு வந்தார்களாம். (இதை எங்களிடம் சொன்னதே கடைசி வருடத்தில்தான். அப்பாவுக்கே தெரியாது!)

இங்கே வந்த நாளிலிருந்து தினமும் ராத்திரி ஒரு சொம்புத் தண்ணீரைக் காய்ச்சி மூடி வைப்பார். "எதுக்கு அப்பத்தா?" என்றால், "இருக்கட்டும்ப்பா, சின்னவனுக்குத் தாகமெடுத்தா?" என்பார்.

எங்கள் இளைய மகனுக்கு என்றுதான் நினைத்திருந்தோம்.