கடுங்காப்பியும் டிகாக்ஷனும்

நீலகிரி என்றதும் தேயிலையே நினைவுக்கு வரும். ஆயினும் இம்மலைகளின் தோட்ட வரலாறு தேயிலையோடு தொடங்கவில்லை. தேயிலைக்கு முன்பே இங்கு பெரும் முதலையும் பெருந்திரளான உழைப்பையும் ஈர்த்த பயிர் காப்பி. அப்பயிரின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. அது வீட்டு அடுப்படிக்கு வந்து பானமான வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை. பயிரின் வரலாற்றில் துரைமார்களும் கம்பெனிகளும் இடம்பெறுகின்றனர்; பானத்தின் வரலாற்றில் சமூகத்தின் மேடு பள்ளங்கள் அனைத்தும் தெரிகின்றன.

உதகையை ஒட்டிய பெர்ன்ஹில் இவ்வரலாற்றைப் பார்க்க ஏற்றதோர் இடம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ஓடத் தொடங்கிய மலை இரயில், 1908 செப்டம்பரில் பெர்ன்ஹில் வரை நீண்டது. அடுத்த மாதமே உதகையை எட்டியது. மைசூர் உடையார் மன்னர்களின் கோடைகால அரண்மனையும் இங்குதான் உள்ளது. இந்தியக் காப்பியின் தாயகமாகச் சொல்லப்படும் பாபாபூதன் மலை அம்மன்னர்களின் நாட்டிலேயே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் மக்காவுக்குச் சென்று திரும்பிய பாபாபூதன் என்னும் சூபி அடியார், ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளை மறைத்துக் கொணர்ந்து அம்மலையில் விதைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

பெர்ன்ஹில்லில் காப்பி விளைவதில்லை. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், மார்கழி, தை மாதங்களின் உறைபனியைக் காப்பிச் செடி தாங்காது. அது விளைவதெல்லாம் கீழே, குன்னூர் மலைப்பாதையின் சரிவுகளிலும், கோத்தகிரிச் சரிவுகளிலும், கூடலூர்ப் பக்கத்திலும்தான். சேலத்தில் கலெக்டராக இருந்து ஏற்காட்டு மலையில் காப்பியைப் புகுத்திய எம். டி. காக்பர்ன், பின்னர் கோத்தகிரியிலும் அதனைப் பயிரிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் சரிவுகளில் தோட்டங்கள் பெருகின. 1861-ல் கோயமுத்தூரில் தொடங்கிய ஸ்டேன்ஸ் நிறுவனம் மலைக்காப்பியைப் பதப்படுத்தும் தொழிலில் இறங்கியது. அந்தக் காப்பி பெரும்பாலும் கடல் கடந்து சென்றது. அதைப் பறித்த கைகளுக்கு அது பானமாகவில்லை; கூலியாகவே வந்து சேர்ந்தது.

இதே காலத்தில் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் பெருந்திரளாக இலங்கைக்குச் சென்றன. அவர்களை முதலில் அழைத்ததும் காப்பித் தோட்டங்களே. இராமேசுவரக் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த அந்தப் பயணத்தில் நோயாலும் பசியாலும் மாண்டோர் மிகப் பலர். 1869-ல் இலங்கைக் காப்பிச் செடிகளின் இலைகளுக்கு அடியில் செம்மஞ்சள் தூள் படர்ந்தது. இலைத்துரு என்னும் அந்நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழிலையே அழித்தது. தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் அது பரவியது. காப்பி பட்ட இடங்களில் தேயிலை ஏறியது. நீலகிரியில் 1850களின் இறுதியிலேயே தொடங்கியிருந்த தேயிலைத் தோட்டங்கள் அதன்பின் விரிந்து மேலோங்கின.

காப்பிக்காகச் சென்று தேயிலைக்காகத் தங்கியவர்களின் வழித்தோன்றல்கள், 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் நாடு மாற நேர்ந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென அவ்வொப்பந்தம் வகுத்தது. திரும்பியவர்களில் ஒரு பகுதியினர்க்கு வேலை தரவே தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. இவ்வாறு காப்பியில் தொடங்கிய ஒரு நீண்ட அலைச்சல் இம்மலைகளில் வந்து நின்றது.

இனி, பானத்தின் வரலாறு. தமிழகச் சமவெளியில் காப்பி பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். அதுவரை காலையில் பழைய சோறும் நீராகாரமும் உண்ட வீடுகளில் புதுப்பானம் நுழைந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. உடலைக் கெடுக்கும், கைப்பொருளைக் கரைக்கும், பெண்களைப் பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்றெல்லாம் அறிவுரைகள் வந்தன. காந்தியடிகளும் தேநீர், காப்பி இரண்டையும் விலக்கவே சொன்னார். எதிர்ப்புகளை மீறிக் காப்பி வென்றது. ஆனால் எல்லா வீடுகளிலும் ஒரே முறையில் அது நுழையவில்லை.

வசதியுள்ள நகரத்து வீடுகளில் பித்தளை வடிகட்டி வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் இரு பாத்திரங்கள். மேற்பாத்திரத்தின் அடியில் நுண்துளைகள். உள்ளே தண்டு பொருத்திய துளைத்தட்டு. மேலே தூளிட்டு, தட்டால் இலேசாக அமுக்கி, தட்டை எடுக்காமல் அதன்மீது வெந்நீர் ஊற்றினால், கீழே துளித்துளியாக டிகாக்ஷன் இறங்கும். கொட்டையை வீட்டிலேயே வறுத்து, சுவரிலோ மேசையிலோ பொருத்திய கைமெஷினில் அன்றன்றைக்கு அரைப்பது பெருமைக்குரிய வழக்கமாயிற்று. பசும்பாலும் டவரா டம்ளரும் அதனோடு சேர்ந்தன.

உழைக்கும் மக்களின் குடிசைகளுக்கு வந்தது வேறொரு காப்பி. பானையில் நீரைக் கொதிக்கவைத்து, தூளையும் கருப்பட்டியையும் இட்டு, இறக்கி மூடிவைத்து, மண்டி அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை வார்த்துக் குடிப்பது. கடுங்காப்பி என்றும் வரக்காப்பி என்றும் இதனை அழைத்தனர். பாலில்லாமை இதற்கு இலக்கணம். வறுமையே அதற்குக் காரணம்.

பொது இடத்திலும் இப்பிரிவு நீடித்தது. காப்பி கிளப்புகளில் சாதிக்கொரு இடம் ஒதுக்கப்பட்டது. பலருக்கு உள்ளே நுழையவும் இடமில்லை. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த சாதிப் பாகுபாடு, நெடிய போராட்டத்துக்குப் பின் 1941-ல் நீக்கப்பட்டது. ஒரு குவளைக் காப்பியை யாரோடு அமர்ந்து குடிப்பது என்பது தமிழகத்தில் அரசியல் கேள்வியாகவே இருந்தது.

இவ்விரு காப்பிகளின் வேறுபாட்டைச் செய்முறை அளவில் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். உலகெங்கும் காப்பி தயாரிக்க அடிப்படையான வழிகள் இரண்டு: தூளின் ஊடே நீரை வடியவிடுவது ஒன்று, தூளை நீரில் ஊறவிட்டுப் பிரிப்பது மற்றொன்று. முதல் வழிக்குரிய சொட்டுப்பாத்திரம் 1800-ஐ ஒட்டிப் பாரிசில் புகழ்பெற்றது. அந்நகரத்துப் பேராயர் தெ பெலுவாவின் பெயரோடு அது சேர்த்துப் பேசப்படுகிறது. 1812-ல் காப்பியைப் பற்றிக் கட்டுரை எழுதிய அறிவியலாளர் ரம்ஃபோர்டு பிரபு, தூளை அமுக்கி மட்டப்படுத்திய பிறகே நீரூற்ற வேண்டும் என்றார். தமிழர் வீட்டு வடிகட்டியின் துளைத்தட்டு செய்வதும் இதே வேலையைத்தான்.

இரண்டாம் வழிக்குரிய கருவி, இன்று பிரெஞ்சு பிரஸ் என வழங்கும் கண்ணாடிக் குடுவை. குடுவையில் தூளையும் வெந்நீரையும் ஊறவிட்டு, வலை பொருத்திய தட்டைக் கையால் கீழே அழுத்தி மண்டியை அடியில் நிறுத்துவது இதன் அமைப்பு. 1852-ல் பாரிசில் மேயர், டெல்ஃபோர்ஜ் என்னும் இருவர் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். 1929-ல் இத்தாலியின் மிலான் நகரத்துக் கலிமானியும் மொனேத்தாவும் அதனைச் செம்மைப்படுத்திக் காப்புரிமை பெற்றனர். இன்று நகரத்துக் கடைகளில் நாகரிகப் பொருளாக விற்கப்படும் இக்கருவி, தத்துவத்தில் கடுங்காப்பிப் பானையின் உறவே ஆகும். பானையில் மண்டி தானாக அடங்கக் காத்திருந்தார்கள். குடுவையில் கை அதனை அடக்குகிறது. ஏழையின் காப்பி என்று தள்ளப்பட்ட முறையே அயல்நாட்டுக் கண்ணாடியில் மதிப்புப் பெற்றுத் திரும்பியிருக்கிறது.

இரு கருவிகளிலும் கை அழுத்துகிறது. ஆனால் வேறு வேறு வேளையில். வடிகட்டியில் அழுத்தம் முதலில். மிகையானால் நீர் இறங்காது. குறைந்தால் நீர் ஓடிவிடும், சாரம் தூளிலேயே தங்கும். பிரஸ்ஸில் அழுத்தம் இறுதியில். அங்கே அவசரப்பட்டால் மண்டி கலங்கி மேலெழும். ஆகவே தூளின் பருமனும் வேறுபடுகிறது: வடிகட்டிக்கு நைசான தூள், பிரஸ்ஸுக்கு ரவையைப் போன்ற கொரகொரப்பான தூள். சிக்கரி கலந்த நைசான தூளைப் பிரஸ்ஸில் இட்டால் கலங்கலே மிஞ்சும். சிக்கரி டிகாக்ஷனுக்கு நிறமும் கனமும் தருவது; மணம் தருவது காப்பிக்கொட்டையே. கலப்புத் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது இந்திய உணவுச் சட்டத்தின் விதி.

மலையின் உயரமும் இதில் பங்கேற்கிறது. சென்னையில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. காற்றழுத்தம் குறைந்த பெர்ன்ஹில்லில் ஏறத்தாழ 92, 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. காப்பியின் சாரம் நன்கு இறங்க 90 முதல் 96 பாகை வரை ஏற்றது என்பர். எனவே சமவெளியில் கொதித்த நீரைச் சிறிது ஆறவிட்டு ஊற்றுவது நலம். மலையிலோ கொதிக்கும்போதே ஊற்றிவிட வேண்டும். குளிர்ந்த பாத்திரம் வெந்நீரின் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால், முதலில் வெந்நீரால் அலசிச் சூடாக்கிக்கொள்வதும் இன்றியமையாதது. பிரஸ் என்றால் அரை லிட்டர் நீருக்கு 30 கிராம் தூள். நான்கு நிமிடம் ஊறல். பிறகு மெல்லிய அழுத்தம். உடனே குவளைகளில் வார்த்தல். குடுவையிலேயே விட்டுவைத்தால் கசப்பு ஏறிக்கொண்டே போகும். வடிகட்டி என்றால் இருவருக்கு 20 கிராம் தூளும் 150 மில்லி நீரும் போதும். டிகாக்ஷன் இறங்கக் கால் மணி நேரமோ சற்றுக் கூடுதலோ ஆகும். மூடுபனி நாட்டில் தூள் ஈரம் வாங்கி மணமிழக்கும்; காற்றுப்புகாத டப்பாவில் ஒரு வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

நல்ல கொட்டை எளிதாகக் கிடைப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1942-ல் உருவான காப்பி வாரியத்தின் கீழ், விளைந்த காப்பியெல்லாம் பொதுத் தொகுப்புக்கே செல்ல வேண்டியிருந்தது. தோட்டக்காரர் தம் காப்பியைத் தாமே விற்க இயலாது. 1990களின் முதற்பாதியில் படிப்படியாகத் தளர்ந்த இக்கட்டுப்பாடு, 1996-ல் முற்றிலும் நீங்கியது. அதன்பிறகே எந்த மலையில், எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று அறிந்து வாங்கும் வழி வீட்டுக்காரர்க்குத் திறந்தது.

குன்னூர்ச் சரிவில் விளைந்த கொட்டை இன்று பெர்ன்ஹில் வீடொன்றில் வடிகட்டியிலும் இறங்கலாம், பிரஸ்ஸிலும் ஊறலாம். இரண்டில் எது சிறந்தது என்ற வாதம் நாவின் பழக்கத்தைப் பொறுத்தது. பாலோடு குடிப்பார்க்கு டிகாக்ஷன். பாலின்றிக் குடிப்பார்க்கு ஊறல். ஆனால் பாலில்லாக் காப்பியின் சுவையை அயல்நாட்டார் கற்பித்ததாகக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. தோட்டத்துக்கும் வயலுக்கும் விடியலில் புறப்பட்டவர்கள் கருப்பட்டியோடு அதனை என்றோ அறிந்திருந்தனர். தமிழர் காப்பியின் வரலாறு எழுதப்படும்போது, பித்தளை வடிகட்டிக்கு அளிக்கும் இடத்தை அந்தக் கரிபடிந்த பானைக்கும் அளிப்பதே முறையாகும்.