ரமோன்ஸ்

ரமோன்ஸ், அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1974-இல் தொடங்கி 1996 வரை இயங்கிய ராக் இசைக்குழு. பங்க் ராக் என்ற இசை வகைக்கு இலக்கணம் வகுத்தவர்கள் என்று இசை வரலாற்றாசிரியர்கள் பலரும் இவர்களையே முதலில் சுட்டுகின்றனர். இருபத்திரண்டு ஆண்டுகளில் 14 ஸ்டுடியோ ஆல்பங்களை வெளியிட்டு, 2,263 மேடை நிகழ்ச்சிகளை நடத்திய குழு இது. ஆனால் இவர்களின் எந்த ஆல்பமும் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 44-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. தனிப்பாடல்களில் எதுவும் 66-ஐத் தாண்டவில்லை. பாடகரும் கிட்டார் கலைஞரும் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசாமலே ஒரே வேனில் ஊர் ஊராகச் சென்று வந்தனர். மாறவே மாட்டோம் என்ற பிடிவாதம் குழுவுக்குத் தனி முகத்தைத் தந்தது. அதே பிடிவாதம் அதன் வளர்ச்சிக்கு எல்லையும் கட்டியது.

தோற்றம்

நியூயார்க்கின் குவீன்ஸ் வட்டாரத்தில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்ற நடுத்தர வர்க்கக் குடியிருப்புப் பகுதி இருக்கிறது. அங்கே வசித்த நான்கு இளைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய குழு இது. ஜான் கம்மிங்ஸ் (ஜானி) கட்டட வேலை செய்துவந்தவர், பேஸ்பால் வெறியர். ஜெஃப்ரி ஹைமன் (ஜோயி) ஆறரை அடி உயரமும் கூச்ச சுபாவமும் உள்ளவர். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் மனநோயால் இளமையிலிருந்தே அவதிப்பட்டவர். டக்ளஸ் கால்வின் (டீ டீ) அமெரிக்கப் படைவீரருக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்தவர். தாமஸ் எர்டெல்யி (டாமி) ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர்; ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்த்துத் தொழில் கற்றவர்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி தொடக்க காலத்தில் சிறிது காலம் ‘பால் ரமோன்’ என்ற புனைபெயரை வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை முதலில் எடுத்துக்கொண்டவர் டீ டீ. பிறகு நால்வரும் அதையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். இவர்களில் யாருக்கும் யாரும் உறவில்லை.

1974 மார்ச் 30 அன்று மூவராக முதன்முதலில் மேடையேறினார்கள். அப்போது டிரம்ஸ் வாசித்தவர் ஜோயி. பாடியவர் டீ டீ. பாடிக்கொண்டே பேஸ் கிட்டார் வாசிப்பது டீ டீக்கு வசப்படாததால் ஜோயி பாடகரானார். காலியான டிரம்ஸ் இடத்துக்குப் பலரை வரவழைத்துச் சோதித்தபோது, என்ன வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார் மேலாளராக இருந்த டாமி. கடைசியில் அவரே அந்த இடத்தில் அமர்ந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று பௌரி சாலையிலிருந்த சி.பி.ஜி.பி. என்ற சிறிய மது விடுதியில் இவர்களின் முதல் நிகழ்ச்சி நடந்தது. நாட்டுப்புற இசைக்காக ஹில்லி கிறிஸ்டல் நடத்திவந்த அந்த விடுதி, டெலிவிஷன், பட்டி ஸ்மித், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ் போன்ற புதியவர்களின் களமாக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. ரமோன்ஸ் நிகழ்ச்சி பெரும்பாலும் இருபது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். அதற்குள்ளேயே அடுத்த பாட்டு எது என்று மேடையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள்.

இசைப் பாணி

1970-களின் நடுவில் அமெரிக்க ராக் இசையில் நீண்ட கிட்டார் தனி ஆவர்த்தனங்களும் பத்து நிமிடப் பாடல்களும் பெருகியிருந்தன. ரமோன்ஸ் எல்லாவற்றையும் வெட்டினார்கள். இரண்டு நிமிடப் பாட்டு, மூன்று அல்லது நான்கு சுரக்கூட்டுகள், தனி ஆவர்த்தனம் கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் டீ டீ “1-2-3-4” என்று கத்துவார். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே பேச்சு இருக்காது.

இந்த வேகத்தின் சூட்சுமம் ஜானியின் வலது கையில் இருந்தது. கிட்டார் வாசிப்பவர்கள் பொதுவாகக் கம்பிகளை மேலும் கீழுமாக மாறி மாறித் தட்டுவார்கள். வேகமாக வாசிக்க அதுவே எளிய வழி. ஜானி கீழ்நோக்கி மட்டுமே தட்டினார். ஒவ்வொரு தட்டும் ஒரே அழுத்தத்தோடு விழுவதால் கிட்டார் ஒலி இடைவெளியில்லாத இரைச்சலாகக் கேட்கும். அந்த வேகத்தில் அரைமணி நேரம் அப்படி வாசிக்க மணிக்கட்டுக்கு அசாத்திய வலு வேண்டும். அவர் வாசித்த மோஸ்ரைட் கிட்டார் சுமார் 50 டாலருக்கு வாங்கியது. டாமியின் டிரம்ஸும் அதே போல எளிமையானது, ஆனால் விடாமல் ஓடுவது. மேலே இத்தனை இரைச்சல் இருந்தாலும் உள்ளே இருந்த மெட்டுகள் 1960-களின் பெண் பாடகர் குழுக்களையும் பீச் பாய்ஸையும் ஒட்டியவை. அந்த இனிமைக்குப் பெரும்பாலும் ஜோயியே காரணம்.

தோல் ஜாக்கெட், கிழிந்த ஜீன்ஸ், கான்வாஸ் காலணி, கண்ணை மறைக்கும் தலைமுடி என்ற சீருடையும் இசையின் பகுதியாகவே இருந்தது. அதைக் கடைசிவரை மாற்றவிடாமல் காத்தவர் ஜானி.

முதல் ஆல்பமும் லண்டன் பயணமும்

டேனி ஃபீல்ட்ஸ் மேலாளரானார். சைமோர் ஸ்டைனின் சையர் நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்தது. 1976 பிப்ரவரியில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கட்டடத்திலிருந்த பிளாசா சவுண்ட் கூடத்தில், கிரெய்க் லியோனின் தயாரிப்பில், ஏறத்தாழ ஒரு வாரத்தில் முதல் ஆல்பம் பதிவானது. செலவு சுமார் 6,400 டாலர். 14 பாடல்கள், மொத்தம் 29 நிமிடங்கள். பீட்டில்ஸின் தொடக்ககால ஸ்டீரியோ இசைத்தட்டுகளைப் போலக் கிட்டாரை ஒரு பக்கமும் பேஸை மறுபக்கமும் பிரித்து வைத்திருந்தார்கள். அதனால் வீட்டில் கிட்டார் கற்கும் சிறுவர்கள் ஒரு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு மற்றதோடு சேர்ந்து வாசித்துப் பழக முடிந்தது. செங்கல் சுவரில் சாய்ந்து நிற்கும் நால்வரின் கறுப்பு வெள்ளை அட்டைப்படத்தை எடுத்தவர் ரொபெர்ட்டா பெய்லி. ஏப்ரல் 23 அன்று வெளியான அந்த ஆல்பம் 111-ஆம் இடத்தோடு நின்றது.

அதே ஆண்டு ஜூலை 4 அன்று லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கிலும், மறுநாள் டிங்வால்ஸ் விடுதியிலும் வாசித்தார்கள். பிரிட்டனின் பங்க் கலைஞர்கள் எல்லாரும் ரவுண்ட்ஹவுஸில் கூடியிருந்ததாகப் பின்னாளில் ஒரு கதை வளர்ந்தது. உண்மையில் ஜூலை 4 அன்று கிளாஷ் குழு ஷெஃபீல்டு நகரில் செக்ஸ் பிஸ்டல்ஸுடன் தன் முதல் மேடையை ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் ரமோன்ஸைப் பார்க்க வந்தது டிங்வால்ஸுக்கு. பிரிட்டனின் புதிய குழுக்கள் இவர்களிடமிருந்து வேகத்தையும், இசை தெரிந்த பிறகுதான் மேடையேற வேண்டும் என்பதில்லை என்ற துணிச்சலையும் பெற்றுக்கொண்டன.

கைநழுவிய வாய்ப்புகள்

1977 நவம்பரில் வந்த ‘ராக்கெட் டு ரஷ்யா’ ஆல்பம் இவர்களைப் பெருங்கூட்டத்திடம் கொண்டுசேர்க்கும் என்று நிறுவனமும் குழுவும் நம்பின. ‘ஷீனா இஸ் எ பங்க் ராக்கர்’ பாடல் பிரிட்டனில் 22-ஆம் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் 81-ஐத் தாண்டவில்லை. ‘ராக்அவே பீச்’ 66-ஐ எட்டியது. ஆல்பம் 49-இல் நின்றது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் அடாவடிகள் செய்தித்தாள்களை நிறைத்திருந்த நேரம் அது. பங்க் என்றாலே வம்பு என்று நினைத்த அமெரிக்க வானொலி நிலையங்கள், கடற்கரையைப் பற்றிய இந்த விளையாட்டுப் பாடல்களையும் அதே கூடையில் போட்டு ஒதுக்கின. சி.பி.ஜி.பி.யில் இவர்களோடு தொடங்கிய பிளாண்டி, டிஸ்கோ இசையையும் அரவணைத்துக்கொண்டு 1979-இல் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. 1977-இல் ஐரோப்பியப் பயணத்தில் இவர்கள் மேடையேறும் முன் வாசித்த டாக்கிங் ஹெட்ஸும் பின்னர் விற்பனையில் இவர்களை முந்திச் சென்றது.

இரண்டாவது வாய்ப்பு ஃபில் ஸ்பெக்டர். 1960-களில் ஜோயி நேசித்த பாடல்களைத் தயாரித்தவர் அவர். 1979-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய பதிவு இரண்டு லட்சம் டாலர் அளவுக்குச் செலவை இழுத்தது. ஒரு பாட்டின் முதல் சுரக்கூட்டை மட்டும் மணிக்கணக்கில் ஜானியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்தார் ஸ்பெக்டர். அவர் தன்னைத் துப்பாக்கி காட்டி மிரட்டியதாக டீ டீ பின்னர் சொன்னார்; அதை அப்போதைய டிரம்ஸ் கலைஞர் மார்க்கி மறுத்தார். 1980-இல் வெளிவந்த ‘எண்ட் ஆஃப் தி செஞ்சுரி’ 44-ஆம் இடத்தை எட்டியது. ஜோயியின் குரலோடு வயலின்கள் ஒலித்த ‘பேபி, ஐ லவ் யூ’ பிரிட்டனில் 8-ஆம் இடம் பெற்றது. குழுவின் பட்டியல் உச்சங்கள் இவையே. ஜோயி அந்தப் பாதையில் தொடர விரும்பினார். ஜானிக்கு அந்தப் பாட்டைக் கேட்டாலே பிடிக்கவில்லை. குழு எந்தத் திசையில் போவது என்ற கேள்விக்கு அதன் பிறகு ஒருமித்த விடை கிடைக்கவில்லை.

உட்பூசல்

முதல் விரிசல் 1978-இல் தெரிந்தது. ஓயாத பயணமும் வேனுக்குள் நடந்த சச்சரவும் தாங்காமல் டாமி மேடையிலிருந்து விலகித் தயாரிப்பாளராக மட்டும் நீடித்தார். அவர் இடத்துக்கு மார்க் பெல் (மார்க்கி) வந்தார். சண்டையிட்டவர்களுக்கு நடுவே நின்று சமாதானம் செய்யக்கூடிய ஒரே ஆள் டாமிதான். அவர் போனதும் ஜானியின் கை ஓங்கியது. நேரம் தவறினால் அபராதம், நிகழ்ச்சிக்கு முன் குடிக்கக் கூடாது, வேனில் அவரவர் இருக்கை அவரவருக்கு என்று படைமுகாம் போல நடத்தினார். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் குழு 22 ஆண்டு தாக்குப்பிடித்திருக்காது என்பதை அவரை வெறுத்தவர்களும் மறுக்கவில்லை.

1980-களின் தொடக்கத்தில் ஜோயியின் காதலி அவரைப் பிரிந்து ஜானியோடு சேர்ந்தார். பின்னர் ஜானியையே மணந்தார். ஏற்கெனவே கீரியும் பாம்புமாக இருந்த இருவரிடையே பேச்சு அடியோடு நின்றது. சொல்ல வேண்டியதைப் பயண மேலாளர் மாண்ட்டி மெல்னிக் போன்றவர்கள் வழியாகவே சொல்லியனுப்பினார்கள். முதல் ஆல்பங்களில் குழுவின் சொந்தப் பாடல்கள் எல்லாம் ‘ரமோன்ஸ்’ என்ற பொதுப் பெயரில் வெளிவந்தன. 1981-இன் ‘பிளெசன்ட் டிரீம்ஸ்’ ஆல்பத்தில் எழுதியவர் பெயர் தனித்தனியே அச்சானது.

அரசியலிலும் இருவரும் இரு துருவங்கள். யூதக் குடும்பத்தில் பிறந்த ஜோயி இடதுசாரிச் சாய்வு கொண்டவர். ஜானி ரொனால்ட் ரீகனின் தீவிர ஆதரவாளர். நாஜிப் படையினரும் புதைக்கப்பட்ட ஜெர்மனியின் பிட்பர்க் கல்லறைக்கு ரீகன் 1985-இல் சென்றதைக் கண்டித்து ஒரு பாடல் உருவானது. அமெரிக்காவில் அது தனிப்பாடலாக வெளியாகவில்லை. ஆல்பத்தில் சேர்த்தபோது, ரீகனைக் கேலி செய்யும் தலைப்பு ஜானியின் வற்புறுத்தலால் மாறியது.

பணமும் பூசலுக்குக் காரணமானது. மார்க்கி குடியால் 1983-இல் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ரிச்சி, தன் பெயரும் இருக்கும் டி-ஷர்ட் விற்பனையில் பங்கு கேட்டு மறுக்கப்பட்டதால் 1987-இல் வெளியேறினார். அவசரத்துக்கு வந்த பிளாண்டி குழுவின் கிளெம் பர்க் மிகத் தேர்ந்த கலைஞர். ஆனாலும் ரமோன்ஸின் வேகம் பிடிபடாமல் இரண்டு நிகழ்ச்சிகளோடு விலகினார். எளிமை என்று பலர் எள்ளிய அந்த வாசிப்பு எளிதானதல்ல என்பதற்கு அதுவே சான்று. மதுப் பழக்கத்தை விட்ட மார்க்கி திரும்பினார். முக்கியப் பாடலாசிரியரான டீ டீ 1989-இல் விலகினார். அதன் பிறகும் குழுவுக்குப் பாடல் எழுதிக் கொடுத்தார். மேடையில் அவர் இடத்தை நிரப்பியவர் கிறிஸ்டபர் வார்டு (சி.ஜே.).

இறுதி ஆண்டுகள்

சொந்த நாட்டில் சிறு அரங்குகளில் வாசித்த குழுவுக்கு அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் கால்பந்து அணிகளுக்கு இணையான ரசிகர் படை இருந்தது. 1996 மார்ச் 16 அன்று புவனோஸ் அயர்ஸின் ரிவர் பிளேட் மைதானத்தில் வாசித்தார்கள். 1994-இல் கிரீன் டே, ஆஃப்ஸ்பிரிங் போன்ற இளங்குழுக்களின் பங்க் ஆல்பங்கள் லட்சக்கணக்கில் விற்றன. விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன் என்ற நிலை. 1995-இல் வந்த கடைசி ஸ்டுடியோ ஆல்பத்தின் பெயரே ஸ்பானிய மொழியில் விடைபெறுவதாக அமைந்தது. 1996 ஆகஸ்ட் 6 அன்று ஹாலிவுட்டில் கடைசி நிகழ்ச்சி நடந்தது.

ஜோயி 2001 ஏப்ரல் 15 அன்று நிணநீர்ப் புற்றுநோயால் 49 வயதில் இறந்தார். அவரும் ஜானியும் கடைசிவரை சமாதானமாகவில்லை. 2002 மார்ச்சில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் குழுவைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் 5 அன்று டீ டீ அளவுக்கு மீறிய போதைமருந்தால் இறந்தார். ஜானி 2004 செப்டம்பர் 15 அன்று புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தார்.

தாக்கம்

மெட்டாலிகா, பேர்ல் ஜாம், யூ2, கிரீன் டே ஆகிய குழுக்கள் ரமோன்ஸுக்குத் தாங்கள் பட்ட கடனை வெளிப்படையாகச் சொல்லியுள்ளன. ஜானியின் கீழ்த்தட்டு முறையை மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வாசிப்பில் தெளிவாகக் கேட்கலாம். பௌரி சாலையும் கிழக்கு 2-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்துக்கு 2003-இல் ஜோயி ரமோன் பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் முதல் ஆல்பம் இடம்பெற்றது. 2011-இல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது கிடைத்தது.

இசையைவிட அதிகம் பரவியது ஆர்ட்டுரோ வேகா வரைந்த சின்னம். அமெரிக்க அதிபரின் முத்திரையைத் தழுவிய அதில், கழுகின் ஒரு காலில் ஆப்பிள் மரக்கிளையும் மறுகாலில் ஜானிக்காக ஒரு பேஸ்பால் மட்டையும் உண்டு. சுற்றிலும் உறுப்பினர் பெயர்கள். இவர்களின் ஒரு பாட்டைக்கூடக் கேட்டிராதவர்களும் அந்த டி-ஷர்ட்டை அணிகிறார்கள்.

ஐந்து லட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்று முதல் ஆல்பத்துக்கு 2014 ஏப்ரலில், வெளிவந்து 38 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அப்போது தொடக்க உறுப்பினர்களில் உயிரோடு இருந்தவர் டாமி ஒருவரே. அவரும் அதே ஆண்டு ஜூலை 11 அன்று இறந்தார்.