ரொய்ஸ் டி மெல்

இலங்கைக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இலங்கையர். 1962 இராணுவச் சதி வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையானவர்.

1950 டிசம்பரில் அமைக்கப்பட்ட கடற்படையைத் தொடக்கத்தில் பிரித்தானிய அதிகாரிகளே நடத்தினர். 1955இல் பொறுப்பேற்ற டி மெல், பின்னர் றியர் அட்மிரலாக உயர்ந்தார். படை வேகமாக வளர்ந்த காலம் அது. 1957 ஒக்டோபரில் திருகோணமலைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. 1959இல் இஸ்ரேலிடமிருந்து கஜபாகு, மகாசேன ஆகிய போர்க்கப்பல்கள் வாங்கப்பட்டன. மாலுமிகளுக்கான பயிற்சி முகாம் 'ரங்கல்ல' இருந்ததோ மலையகத்துத் தியத்தலாவையில். தேயிலை மலைகளுக்கிடையே கடற்படைப் பயிற்சியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் 1900இல் போவர் போர்க்கைதிகளை அடைத்துவைத்த நாளிலிருந்தே தியத்தலாவை முகாம் நகரமாகத்தான் இருந்துவந்தது.

1960இல் டி மெல் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர்.

1962 ஜனவரி 27 இரவு, சிறிமாவோ பண்டாரநாயக்க அரசைக் கவிழ்க்க இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் திட்டமிட்டிருந்தனர். பொலிஸ் அதிகாரி ஸ்டான்லி சேனநாயக்க தம் மாமனாரான நாடாளுமன்ற உறுப்பினர் குலரத்னவிடம் சொல்ல, விஷயம் அரசுக்கு எட்டியது. ஒரு வேட்டும் தீராமலே சதி முடிந்தது. பதவியில்லாத டி மெல்லும் குற்றவாளிக் கூண்டில் ஏறினார்.

குற்றம் சாட்டப்பட்ட இவர்களுக்காகவே முன்தேதியிட்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 24 பேர் மீது நடந்த வழக்கில், 1965 ஏப்ரலில் டி மெல் உட்பட 11 பேருக்குப் பத்தாண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில், மேல்முறையீட்டில், இலண்டன் பிரிவி கவுன்சில் அனைவரையும் விடுவித்தது. சதியே நடக்கவில்லை என்று அது சொல்லவில்லை; குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்கென்று சட்டம் செய்த நாடாளுமன்றம் நீதித்துறையின் அதிகாரத்தில் கைவைத்துவிட்டது என்றது. 'லியனகே எதிர் அரசி' என்ற அந்தத் தீர்ப்பு, அதிகாரப் பிரிவினை பற்றிய வழக்குகளில் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

டி மெல்லுக்கு விடுதலை கிடைத்தது. அவர் வளர்த்த படைக்குத்தான் நீண்ட தண்டனை. சதிக்குப் பின் ஆட்சேர்ப்பு ஏழாண்டுகளுக்கு மேல் நின்றுபோனது, கப்பல்கள் சில விற்கப்பட்டன, இங்கிலாந்துப் பயிற்சியும் நிறுத்தப்பட்டது. தியத்தலாவை முகாம் இராணுவத்திடம் போனது. 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) கிளர்ச்சி வெடித்தபோது கடற்படை அதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை.