இரண்டு சுரங்களும் மூன்று கோன்சால்வ்ஸ்களும்

ஜாஸ் இசை கற்கத் தொடங்குவோர்க்கு ஆசிரியர்கள் முதலில் கையளிக்கும் மெட்டுகளில் ஒன்று ட்யூக் எலிங்டனின் 'சி ஜாம் புளூஸ்'. எலிங்டன் குழு இதனை 1942இல் பதிவு செய்தது. அதற்கு முந்தைய ஆண்டே, அக்குழுவின் கிளாரினெட் கலைஞர் பார்னி பிகார்ட் ஒரு சிறுகுழுவை வைத்துக்கொண்டு 'சி புளூஸ்' என்ற பெயரில் இதைப் பதிந்திருந்தார். மெட்டு முழுவதிலும் இரண்டே சுரங்கள்தாம். நம் கணக்கில் சொன்னால் பஞ்சமமும் அதற்கு மேலுள்ள ஷட்ஜமும். நாகசுரக்காரர் வீட்டுக் குழந்தை பேசத் தொடங்குமுன் பாடிவிடக்கூடிய இடைவெளி இது.

ஆனால் டெனர் சாக்சபோனை முதன்முதலாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டவருக்கு இந்த இரண்டு சுரங்கள் போதிய தொல்லை தரும். முதலாவது, டெனர் ஓர் இடம்மாறிக் கருவி. வாசிப்பவர் 'டி' என்று தாளில் படித்து விரல் வைத்தால், காதில் விழுவது அதற்கு ஓர் ஸ்தாயியும் ஒரு முழுச்சுரமும் கீழேயுள்ள 'சி'. எனவே பியானோக்காரர் ஜி, சி என்று வாசிக்கும் மெட்டை டெனர்க்காரர் ஏ, டி என்று வாசிக்க வேண்டும். இரண்டாவது, விரல்களின் சிக்கல். 'ஏ' சுரத்துக்கு இடக்கையின் இரண்டு விரல்கள் போதும். அடுத்த சுரமான மேல் 'டி'க்கோ இரு கைகளிலும் ஆறு விரல்கள் ஒரே கணத்தில் இறங்க வேண்டும். கூடவே இடக்கைப் பெருவிரல் ஸ்தாயிச் சாவியை அழுத்த வேண்டும். ஒரு விரல் இமைப்பொழுது பிந்தினாலும் நடுவில் வேறொரு சுரம் கீறிச்சிடும். உதட்டின் பிடி தளர்ந்தால் மேல் ஸ்தாயி வராமல் கீழ் ஸ்தாயி உறுமும்.

மூன்றாவது சிக்கலே உண்மையான சிக்கல். புளூஸ் என்பது பன்னிரண்டு தாள அளவுகளைக் கொண்ட சுழற்சி. நான்கு அளவு கொண்ட இம்மெட்டு ஒரு சுழற்சிக்குள் மும்முறை வருகிறது. மேலே ஒலிக்கும் இரண்டு சுரங்களும் மாறுவதில்லை. அடியிலுள்ள சுர அடுக்குதான் மாறுகிறது. முதல்முறை அந்த 'சி' வீட்டுக்கு வந்து சேர்ந்ததுபோல் நிற்கிறது. இரண்டாம் முறை தரை நான்காம் சுரத்துக்கு நகர்ந்துவிட, அதே 'சி' பக்கத்துவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த விருந்தாளியாகிறது. மூன்றாம் முறை ஐந்தாம் சுர அடுக்கின்மேல் அது நிலைகொள்ளாமல் தவிக்கிறது. தம்பூராவின் அசையாத சுருதியில் வளர்ந்த செவிக்கு இது புதிது. நம் இசையில் சுரம் நகரும், தரை நகராது. இங்கே சுரம் நிற்கிறது, தரை நகர்கிறது.

இவ்வளவையும் விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. பம்பாய் ஜாஸ் வரலாற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், 'கோவாக்காரர்களுக்கு இசை இரத்தத்திலேயே ஊறியது' என்ற சொற்றொடர் தவறாமல் வந்துவிடுகிறது. பாராட்டுப்போல் ஒலிக்கும் இச்சொற்றொடரை நான் ஏற்பதில்லை. ஒருவருடைய உழைப்பை இரத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டால், அந்த உழைப்புக்கு ஊதியமோ பெயரோ தரவேண்டிய கடமை நமக்கு இல்லாமல் போகிறது. இந்தித் திரையிசையின் வரலாற்றில் நடந்தது ஏறக்குறைய இதுதான்.

கோவாவைப் போர்ச்சுகீசியர் 1510இல் கைப்பற்றினர். தேவாலயங்களோடு பங்குப் பள்ளிகள் வந்தன. அங்கே எழுத்தோடு இசையும் கற்பிக்கப்பட்டது. 'மெஸ்த்ரெ' என அழைக்கப்பட்ட ஆசிரியரிடம் சிறுவர்கள் முதலில் கற்றது கருவியை அல்ல, சொல்ஃபெஜோவை. அதாவது தாளிலுள்ள குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் சரியான சுரத்தானத்தில், சரியான கால அளவில் வாயால் பாடுவதை. அதில் தேர்ந்த பின்னரே வயலின் கைக்கு வரும். வழிபாட்டுக்குப் பல குரல் கொண்ட பாடல்கள் தேவைப்பட்டன. ஆகவே நகரும் தரையின்மேல் நிற்கும் பழக்கம் இச்சிறுவர்களுக்குப் பத்து வயதிலேயே உண்டாகிவிட்டது. சி ஜாம் புளூஸின் மூன்றாவது சிக்கல் அவர்களுக்குப் பாதி தீர்ந்த சிக்கல். அது பள்ளியின் விளைவு. இரத்தத்துக்கு அதில் வேலையில்லை.

ஊரில் பிழைப்பு இல்லாததால் அவர்கள் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வந்தனர். பம்பாயின் தோபி தலாவ், மஸ்காவ்ன் பகுதிகளில் ஒவ்வொரு கோவா ஊருக்கும் 'கூட்' என்ற தங்குமனை இருந்தது. ஊர்க்காரர் எவரும் சிறு தொகை செலுத்தி அங்கே பாய் விரித்துக்கொள்ளலாம். பட்டாளத்து இசைக்குழுக்கள், காவல்துறைப் பேண்டு, மௌனப்படத் திரையின் கீழிருந்த வாத்தியக் குழு, கப்பல், உணவகம் எனத் தாளைப் படித்து வாசிக்கத் தெரிந்தவருக்கு வேலை இருந்தது. சாக்சபோனும் இந்த வழியாகத்தான் பலரது கைக்கு வந்தது. பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்ற அக்கருவி, பட்டாள இசைக்குழுவின் பித்தளைக்கும் மரத்துளைக்கருவிகளுக்கும் நடுவே பாலமாக எண்ணப்பட்டது. பித்தளை உடல், நாணலால் ஆன ஒற்றை ரீட். நாகசுரத்தின் சீவாளியில் இரண்டு நாணல் இதழ்கள் ஒன்றோடொன்று அதிரும். இங்கே ஓர் இதழ் ஊதுவாயோடு அதிர்கிறது.

தாள் படிக்கத் தெரிந்த இவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அது ஸ்விங். தாளில் சம நீளமாக எழுதப்படும் இரண்டு குறுஞ்சுரங்களை ஜாஸ் கலைஞர் சமமாக வாசிப்பதில்லை. முதலாவது சற்று நீளும், இரண்டாவது சற்றுப் பிந்தி வந்து அடுத்ததன்மேல் சாயும். எவ்வளவு என்பதை எழுத இயலாது. கமகத்தை எழுத முயன்றவர்கள் அறிவார்கள் இந்தத் தோல்வியை. இரண்டு சுர மெட்டில் இதுவே எல்லாம். எழுதியவாறே நேராக வாசித்தால் அது தந்தி அலுவலக ஒலியாகிவிடும்.

இதைக் கற்றுக்கொடுத்தோர் இரண்டு வழிகளில் வந்தனர். ஒன்று நேரில். 1935இன் இறுதியில் லியோன் அபே தம் கறுப்பின அமெரிக்கக் குழுவோடு பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் வாசிக்க வந்தார். அடுத்து கார்னெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித், பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட், சாக்சபோன் கலைஞர்கள் ராய் பட்லர், ரூடி ஜாக்சன். இவர்களுள் ஜாக்சனின் கதை தனியே சொல்லத் தக்கது. 1927இல் எலிங்டன் குழுவில் கிளாரினெட்டும் டெனரும் வாசித்தவர் அவர். கிங் ஆலிவரின் பழைய மெட்டொன்றைத் தமதெனக் கொடுத்துவிட்டார் என்ற பூசல் எழுந்தது; எலிங்டன் குழுவில் அவர் இடம் போயிற்று. அந்த இடத்துக்கு வந்தவர்தான் பார்னி பிகார்ட், நம் இரண்டு சுர மெட்டை முதலில் பதிந்தவர். அங்கே இடம் இழந்தவர் 1930களின் இரண்டாம் பாதியில் பம்பாயில் வாசித்துக்கொண்டிருந்தார்.

சொந்த நாட்டில் வாசிக்கும் ஓட்டலில் தங்க முடியாத நிலையிலிருந்த இக்கலைஞர்களுக்குப் பம்பாயில் மரியாதை கிடைத்தது. அதே நகரில் ஐரோப்பியர் மட்டுமே உறுப்பினராகக்கூடிய மன்றங்களில் கோவாக்காரர் மேடையில் வாசிக்கலாம், மேசையில் அமர முடியாது. நிற வேற்றுமையின் இரு வேறு ஓரங்களில் நின்றவர்கள் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்ததுதான் பம்பாய் ஜாஸின் குருகுலம். வெதர்ஃபோர்ட் பின்னர் கல்கத்தா கிராண்ட் ஓட்டலில் நடத்திய குழுவில், போரினால் பர்மாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் இருந்தனர். 1945இல் அவர் கல்கத்தாவிலேயே காலராவில் இறந்தார்.

மற்றொரு வழி இசைத்தட்டு. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் பதிந்த 'பாடி அண்ட் சோல்' அத்தகைய தட்டொன்றில்தான் உலகெங்கும் டெனர் கற்போரின் பாடநூலாயிற்று. அதில் வியப்பு என்னவெனில், தொடக்கத்து ஒருசில அளவுகளுக்குப் பின் அந்த மெட்டே வருவதில்லை. ஹாக்கின்ஸ் அடியிலுள்ள சுர அடுக்குகளை மட்டும் பிடித்துக்கொண்டு முற்றிலும் புதிய வழியில் நடந்துபோகிறார். தட்டிலிருந்து கற்பவர் ஊசியைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். வேகத்தைக் குறைத்துக் கேட்டால் சுருதியும் இறங்கிவிடும். இறங்கியதை மீண்டும் தம் கருவிக்கு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் தட்டு தேயும். கற்பதற்கே ஒரு விலை இருந்தது.

இப்படிக் கற்றவர்களுள் டெனருக்குப் பெயர்பெற்றவர் கவாஸ்ஜி கட்டாவ் என்னும் பார்சி. மேடைப்பெயர் ரூடி காட்டன். அவர் கோவாக்காரர் அல்லர், கத்தோலிக்கரும் அல்லர். இரத்தக் கோட்பாட்டினர் அவரை எங்கே வைப்பார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. சாக்சபோன் கலைஞர் மிக்கி கொரெயா 1939 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் தாஜில் குழு நடத்தினார். டிரம்பெட் வாசித்த அன்டோனியோ சேவியர் வாஸ், 'சிக் சாக்லேட்' என்ற பெயரில் நகரமே அறிந்தவரானார்.

விடுதலைக்குப் பின் நடன அரங்குகள் மெலிந்தன. ஆங்கிலேயர் போயினர், 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இரவு விடுதிகளை வறளச் செய்தது. திரைப்பட நிலையங்கள் இவர்களை ஏற்றுக்கொண்டன. இசையமைப்பாளர் பலருக்கு மேற்கத்தியக் குறியீடு தெரியாது. அவர்கள் பாடிக்காட்டியதைத் தாளில் எழுதி, அதற்குச் சுர அடுக்குகள் அமைத்து, ஐம்பது வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தவர்கள் செபாஸ்டியன் டிசோசா, ஃபிராங்க் ஃபெர்னாண்ட், சிக் சாக்லேட் போன்றோர். திரையில் பெயர் வந்தால் 'உதவியாளர்' என்று வந்தது. பெரும்பாலும் வரவே இல்லை. சங்கர்-ஜெய்கிஷன் பாடல்களில் நாம் இன்றும் முணுமுணுக்கும் வயலின் எதிர்மெட்டுகளை எண்ணிப் பார்த்தால், 'உதவி' என்ற சொல்லின் பொருள் எவ்வளவு நீளக்கூடியது என்பது புரியும். (தமிழ் வாசகர் பலருக்குச் சாக்சபோன் என்றதும் கத்ரி கோபால்நாத்தும் 1994இன் 'டூயட்' படமுமே நினைவுக்கு வரும். நாகசுரக் கலைஞரின் மகனான அவர் எதிர்கொண்டது நேர் எதிரான சிக்கல்: நிலைத்த சுரங்களுக்கென வார்க்கப்பட்ட கருவியிலிருந்து கமகத்தை வரவழைப்பது. அது வேறு கட்டுரைக்குரியது.)

இனி மூன்று கோன்சால்வ்ஸ்கள். 1963இல் எலிங்டன் குழு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இந்தியா வந்தபோது அதன் டெனர் கலைஞர் பால் கோன்சால்வ்ஸ். 1956 நியூபோர்ட் விழாவில் ஒரே மூச்சுப்போல் இருபத்தேழு புளூஸ் சுழற்சிகளை வாசித்து, நலிந்துகொண்டிருந்த எலிங்டனின் புகழை மீட்டவர். மாசச்சூசெட்ஸில் வளர்ந்த அவருடைய பெற்றோர் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்தி தீவினர். இரண்டாமவர் 1934இல் கோவாவில் பிறந்த பிராஸ் கோன்சால்வ்ஸ். சாக்சபோன் கலைஞர், சிக் சாக்லேட்டின் மருமகன், ஜாஸை இராகங்களோடு பொருத்திப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர். மூன்றாமவர் கோவாவின் மஜோர்டா ஊரைச் சேர்ந்த வயலின் ஆசிரியர் ஆன்டனி கோன்சால்வ்ஸ்.

பெயர் ஒன்றாயிருப்பதைக் கண்டதும் இரத்தக் கோட்பாடு மீண்டும் தலைநீட்டும். ஆனால் இப்பெயர் பரம்பரையின் அடையாளமன்று. பேரரசொன்றின் திருமுழுக்குப் பதிவேட்டின் தடம். கோவாவிலும் கேப் வெர்தியிலும் மனிதர்களுக்கு ஒரே பதிவேட்டிலிருந்து பெயர் வழங்கப்பட்டது, அவ்வளவே. மூவரும் கற்ற வழிகள் வெவ்வேறு. பால் முதலில் கற்றது கிதார், தந்தையிடம். வீட்டு விருந்துகளில் போர்ச்சுகீசியப் பாடல்களை வாசிக்கச் சொல்வார்களாம். ஆன்டனியின் தந்தை தேவாலயப் பாடகர் குழுவின் தலைவர். அவர் வந்தது சொல்ஃபெஜோ வழி. பிராஸின் தலைமுறைக்குத் தட்டும் வானொலியும் மூத்த கலைஞர்களின் தோழமையும் சேர்ந்து கிடைத்தன.

ஆன்டனி கோன்சால்வ்ஸ் திரைப்பட வாத்தியக் குழுக்களில் வாசித்தார்; 1950களின் இறுதியில் இராகங்களை அடிப்படையாகக் கொண்ட தம் சிம்பொனிப் படைப்புகளைப் பம்பாயில் அரங்கேற்றினார். அவரிடம் வயலின் கற்ற மாணவருள் பியாரேலாலும் ஒருவர். அந்த மாணவர், லட்சுமிகாந்த்-பியாரேலால் இரட்டையருள் ஒருவராகப் புகழ்பெற்ற பின், 1977இல் 'அமர் அக்பர் ஆன்டனி' படத்தின் பாடலொன்றில் தம் ஆசிரியரின் பெயரை நாயகனின் பெயராக வைத்தார். திரையில் அமிதாப் பச்சன் பெரியதொரு ஈஸ்டர் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அப்பெயரைப் பாடுகிறார். நாடு முழுவதும் அப்பெயரைப் பாடியது. அது ஓர் ஆசிரியரின் பெயர் என்று பாடியவர்களுள் மிகச் சிலருக்கே தெரிந்திருந்தது.