வட்டி குறைந்தது, அசல் வளர்ந்தது

எங்கள் பள்ளத்தாக்கில் நிலத்தின் மேல் கடன் என்றால் "வட்டி எவ்வளவு?" என்பது இரண்டாவது கேள்விதான். "ஒத்தியா, அடமானமா?" என்பதே முதல் கேள்வி. உத்தமபாளையத்தில் பத்திரம் எழுதிய என் அப்பாவிடம் வந்தவர்கள் அப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அடமானத்தில் நிலம் நம் கையில் இருக்கும், வட்டி கட்ட வேண்டும். ஒத்தியில் கடன் கொடுத்தவரே நிலத்தில் இறங்கி உழுது விளைச்சலை எடுத்துக்கொள்வார். வட்டி என்று தனியாக எதுவும் கிடையாது.

அந்த ஒத்தியில்தான் வட்டி மறைந்திருந்தது. 1895இல் பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கியது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக வயல் இன்றும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. ஒருபோக நிலத்தை ஒத்தி வைத்தவருக்கு இரண்டாம் போகமும் விளையத் தொடங்கினால், பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் அவர் கொடுக்கும் வட்டி இரட்டிப்பாகிவிடும். 1948இல் சட்டம் இதைக் கண்டுகொண்டது. சில விலக்குகள் போக, 30 ஆண்டு ஒத்தியில் அனுபவித்த நிலத்தின் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது.

அடமானத்தின் சங்கதி வேறு. பத்திரத்தைப் புதுப்பிக்கும்போதுதான் அங்கே அடி விழும். அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு இது. ஆயிரம் ரூபாய் கடன், வருடத்துக்கு நூற்றுக்கு 12 வட்டி. மூன்று வருடம் விளையவில்லை, 360 ரூபாய் வட்டி நிற்கிறது. "உனக்காக வட்டியைப் பத்தாகக் குறைக்கிறேன், புதுப் பத்திரம் எழுதிக்கொள்வோம்" என்கிறார் கொடுத்தவர். புதுப் பத்திரத்தில் அசல் 1,360. பழைய வட்டியில் வருடம் 120 ரூபாய், புதிய வட்டியில் 136. முத்திரைத்தாள் செலவும் பதிவுக் கட்டணமும் கடன்பட்டவர் தலையில். வட்டி குறைந்த மகிழ்ச்சியோடு கைநாட்டு வைத்துவிட்டுப் போவார் அவர்.

1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தபோது இப்படி வளர்ந்த கடன்கள் மாகாணம் முழுவதும் நிலங்களை விழுங்கின. 1938இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன்களில் நிலுவையில் நின்ற வட்டியை நீக்கியது. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அசலும் தீர்ந்தது. இனி ரூபாய்க்கு வருடம் ஓரணா, அதாவது நூற்றுக்கு 6¼தான் வட்டி என்றது. எத்தனை முறை பத்திரம் மாற்றி எழுதியிருந்தாலும் முதன்முதலில் கை மாறிய தொகையே அசல் என்றும் சொன்னது. அந்தச் சட்டத்தில் நான் கையெடுத்துக் கும்பிடுவது இந்த ஒரு விதியைத்தான்.

1929இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி தொடங்கியது. பிற்காலத்தில் நிலவள வங்கி என்று நாம் சொன்ன அமைப்பின் வேர் அது. கிணறு வெட்டவும் நிலம் திருத்தவும் கடன் தந்தாலும், ஆரம்ப நாட்களில் அதன் முக்கிய வேலை பழைய கடனை அடைக்கக் கடன் கொடுப்பது. அதிக வட்டிக் கடனிலிருந்து குறைந்த வட்டிக்கு, நீண்ட தவணைக்கு மாறும் வழியை விவசாயிக்குத் திறந்தது அதுதான். வில்லங்கம் பார்க்க வேண்டும், நிலத்தை மதிப்பிட வேண்டும், பங்குத்தொகை கட்ட வேண்டும். அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து பழைய கடனிலேயே கிடந்தவர்களும் உண்டு.

போன மாசி மாதம் தேனியிலிருந்து என் தங்கை மகன் வந்தான். "மாமா, வீட்டுக்கடனை வேறு பேங்குக்கு மாத்தப் போறேன். ஒன்பதரை வட்டி எட்டரையாகுது, மாசத் தவணையும் ஆறாயிரம் குறையுது" என்றான். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதனால் பழைய இடத்தில் தண்டம் இல்லை. புதிய இடத்தில் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கட்டணம், பத்திர ஒப்படைப்புப் பதிவுச் செலவு உண்டு. அவற்றையும் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"எத்தனை வருசம்?" என்றேன். பாக்கி 15 லட்சம். பழைய கடனில் மீதி 10 வருடம், புதியதில் 20. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இருந்தபடியே இருந்தால் இனிக் கட்டும் வட்டி சுமார் 8.3 லட்சம். 20 வருடத்துக்கு மாற்றினால் 16.2 லட்சம். அதே 10 வருடத்துக்கே மாற்றினால் 7.3 லட்சம். ஏறக்குறைய ஒரு லட்சம் மிச்சம். மாற்றும் செலவைக் கையிலிருந்து கட்டினாலும் லாபம் நிற்கும்.

"பத்து வருசத்துக்கே கேளு. செலவை அசலில் ஏத்தாதே" என்றேன். அப்பா அந்த 1,360ஐ எழுதிக் காட்டியதுபோல, நானும் ஒரு தாளில் மூன்று தொகைகளையும் எழுதி அவன் கையில் கொடுத்தனுப்பினேன்.