கொம்பு நிற்கும் இடம்

மின்வாசிப்பான் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்து ஒரு மாதமாகிறது. கண்புரை அறுவைக்குப் பின்னும் பழைய பதிப்புகளின் பொடியெழுத்து பிடிபட மறுக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கித் தரும் கருவியின்றி எனக்கு இனி வாசிப்பில்லை. தி.நகர்க் கடையொன்றில் இரண்டு கருவிகளைக் காட்டி, மின்கலம் வாரக்கணக்கில் தாங்கும் என்றார்கள். நான் கேட்டது வேறு. ‘கெ’ என்னும் எழுத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னே நிற்குமா, பின்னே நிற்குமா? கடைப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

கேள்வி விளையாட்டன்று. 1990களில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ‘மயிலை’ என்பது கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய ஊர் மட்டுமன்று, ஓர் எழுத்துருவும்கூட. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியலாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் அதை உருவாக்கி இலவசமாக வழங்கினார். ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திருக்குறளும் ஆங்கிலக் கிறுக்கலாகவே தெரியும். அவரை முன்னணியில் கொண்டு 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சிட்டார்கள். இன்று நான் வாசிக்க விரும்பும் நூல்களில் பாதி அவர்கள் விரல் பட்டவை.

பின்னர் வந்த திஸ்கியில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படியே முதலில் பதிவாகும். ஒருங்குறியிலோ உச்சரிப்பின் வரிசை: மெய் முதலில், கொம்பு பிறகு. திரையில் கொம்பை இழுத்து முன்னால் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அது தெரியாத கருவியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் அநாதையாக நிற்கும். (ஏகாரத்துக்கு இரட்டைக் கொம்பு தந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். அவர் பட்ட பாடு இப்படியாக வேண்டுமா!)

2007 நவம்பரில் அமெரிக்காவில் கிண்டில் வெளிவந்தபோது அதற்குத் தமிழ் தெரியாது. 2013இல் தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ நண்பர்கள், ஆறங்குலத் திரைக்கென்றே பக்கம் அளந்து பிடிஎஃப் கோப்புகளையும் வெளியிட்டார்கள். அவற்றில் கொம்பு ஒழுங்காக நின்றது. ஆனால் பக்கம் இறுகிவிட்டதால் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். என் போன்ற கண்ணுக்கு அது பாதி உதவிதான். 2016 டிசம்பரில் அமேசான் தன் மின்னூல் அங்காடியைத் தமிழுக்கும் திறந்த பிறகே புதிய நூல்களைப் பொறுத்தவரை இந்தத் தொல்லை குறைந்தது.

பழைய நூல்களுக்குக் குறையவில்லை. கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி பக்கங்களின் ஒளிப்படங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வைத்த ‘லை’யும் ‘ணை’யும் அவற்றில் அப்படியே இருக்கின்றன. அப்பக்கங்களை ஆறங்குலத்தில் அடைத்தால் லஸ் முனை நடைபாதையில் வாங்கிய பொடியெழுத்துப் புத்தகமே தேவலை. எனவே எனக்கு வேண்டியது பத்தங்குலத் திரை. விலை இரண்டு மடங்குக்கு மேல் என்றாலும்.

சென்ற வாரம் மீண்டும் அதே கடைக்குப் போனேன். கெ, கொ, கௌ, ஸ்ரீ என்று நாலைந்து எழுத்துகள் மட்டும் கொண்ட கோப்பு ஒன்றை எடுத்துச் சென்றிருந்தேன். பையன் அதைப் பெரிய கருவியில் ஏற்றித் திறந்தான். எழுத்தை மூன்று முறை பெரிதாக்கச் சொன்னேன். கொம்பு முன்னால்தான் நின்றது.