நான்கு முழத் தொலைவு

1656ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள், ஆம்ஸ்டர்டாம் நகரத்து யூதர்களின் தொழுகைக்கூடத்தில் ஓர் ஆணை படிக்கப்பெற்றது. இருபத்து மூன்று வயது நிரம்பிய இளைஞன் ஒருவன் சமூகத்தினின்றும் விலக்கப்படுகிறான். அவனோடு எவரும் வாய்மொழியாலோ எழுத்தாலோ தொடர்பு கொள்ளலாகாது. எவரும் அவனுக்கு உதவலாகாது. அவனோடு ஒரு கூரையின்கீழ்த் தங்கலாகாது. நான்கு முழத் தொலைவுக்குள் அவனை நெருங்கலாகாது. அவன் எழுதிய எதனையும் படிக்கலாகாது என்பது அவ்வாணையின் சாரம். அவ்விளைஞனே பிற்காலத்தில் மெய்யியல் உலகம் போற்றிய ஸ்பினோசா. அன்று அவன் நூலென்று ஒன்றையும் வெளியிட்டிருக்கவில்லை.

ஸ்பினோசாவின் தத்துவம் பற்றி நூல்கள் பல உண்டு. ஈண்டு நாம் நோக்குவது அந்த ஆணையை மட்டுமே. அவனுடைய தீய கொள்கைகளைப் பற்றியும் கொடுஞ்செயல்களைப் பற்றியும் அது பேசுகிறது. அவை யாவை என்று ஓரிடத்தும் சொல்லவில்லை. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் ஒருவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்குவதாயினும், குற்றம் இன்னதென்று எழுதியாக வேண்டும்! மற்றொன்றும் கருதத் தக்கது. 'ஆகாது' என்று முடியும் கட்டளைகளுள் ஒன்றேனும் ஸ்பினோசாவை நோக்கியதன்று. அனைத்தும் அவனைச் சூழ்ந்து வாழ்ந்த மற்றவர்களை நோக்கியவை. விலக்கப்பட்டவன் ஒருவன்; கட்டுண்டவர்களோ எஞ்சிய எல்லோரும்.

அவர்கள் யாவர்? 1492இல் ஸ்பெயின் நாடு யூதர்களை வெளியேற்றியது. போர்ச்சுக்கல்லில் தஞ்சம் புகுந்தோர் 1497இல் வலிந்து கிறித்தவராக்கப்பட்டனர். 1536இல் அந்நாட்டில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டபின், பன்றியிறைச்சி உண்ண மறுப்பதும் வெள்ளிக்கிழமைதோறும் வெளுத்த ஆடை உடுத்துவதும்கூடக் குற்றத்திற்குச் சான்றுகளாயின. அண்டை வீட்டாரும் பணிப்பெண்களும் காட்டிக் கொடுப்போர் ஆயினர். அக்கொடுமைக்குத் தப்பிய போர்ச்சுகீசிய வணிகர் சிலர் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் குடியேறத் தொடங்கினர். முன்னோர் சமயத்தின் சடங்குகளைத் தலைமுறை பல கடந்தபின் மீண்டும் கற்றுக்கொண்ட மக்கள் இவர்கள்.

மண்ணை விட்டு வந்து வேற்று மொழியினரிடையே வாழ்வோர்க்குச் சங்கம் என்பது எத்தகைய துணை என்பதை நம்மனோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் நம் சங்கங்களில் சந்தா கட்டாதவர்க்கும் பொங்கல் விழாவில் இலை போடுகிறோம். ஆம்ஸ்டர்டாம் யூதர்களுக்கோ பள்ளி, திருமணம், ஏழைகளுக்கான உதவி, இறுதியாக அடக்கம் செய்யும் நிலம் ஆகிய யாவும் சபையின் கையில் இருந்தன. 1639இல் மூன்று சபைகள் ஒன்றாக இணைந்தபோது, எழுவர் கொண்ட ஆட்சிக் குழு அமைந்தது. அவ்வெழுவரும் சமயக் குருமார் அல்லர், செல்வ வணிகர்கள். பதவி முடிந்து செல்வோரே அடுத்து வருவோரைத் தேர்ந்தெடுத்தனர். விலக்கும் அதிகாரம் அவர்களுடையது. அவர்தம் முடிவை எதிர்த்துப் பேசுதலும் குற்றமே.

இத்துணை அதிகாரத்தை மக்கள் ஏன் ஒப்படைத்தனர்? அச்சமே காரணம் எனலாம். கிறித்தவ சமயத்தைப் பழித்து எதுவும் பேசலாகாது என்று 1616இலேயே நகராட்சி அவர்களை எச்சரித்திருந்தது. 1619இல் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையோ, மாறுபட்ட கருத்துடைய தன் போதகர்களையே பதவி நீக்கி நாடு கடத்தச் செய்தது. இத்தகைய நகரில் ஒரு யூதன் உயிரின் அழியாமையை மறுத்தால் பழி அவனோடு நிற்குமா என்று பெரியோர் அஞ்சினர். அஞ்சியதில் தவறில்லை. ஆயின், எந்தக் கருவிக்குத் தப்பி ஓடிவந்தனரோ அதே கருவியை இங்கே தம் கையில் எடுத்தனரே என்று எண்ணும்போது நெஞ்சம் நோகிறது.

ஸ்பினோசாவுக்கு முன்னரே அக்கருவியால் வீழ்ந்தவர் ஊரியல் ட கோஸ்டா. போர்ச்சுக்கல்லின் போர்ட்டோ நகரில் கிறித்தவராகப் பிறந்து, கோயிம்ப்ராவில் திருச்சபைச் சட்டம் பயின்று, திருச்சபையிலேயே பதவியும் வகித்தவர். பழைய ஏற்பாட்டைப் படித்து மனம் மாறினார். தாயையும் உடன்பிறந்தாரையும் தம் கருத்துக்கு இசைவித்து, உயிருக்குத் துணிந்து கப்பலேற்றி அழைத்து வந்தார். வந்த இடத்தில் கண்ட சமயம் அவர் நூலிற் கற்ற சமயமாக இல்லை. மோசேயின் சட்டத்தில் இல்லாத விதிகளைக் குருமார் சேர்த்துவிட்டனர் என்று வாதிட்டார். 1618இல் வெனிஸ் நகரத்து ரப்பிகளும், 1623இல் ஆம்ஸ்டர்டாம் சபையினரும் அவரை விலக்கினர். 1624இல் அவர் அச்சிட்ட நூல் எரிக்கப்பட்டது. ஒரு படியும் எஞ்சவில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1990இல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் ஒன்று கண்டெடுக்கப்பட்டது.

அவர் எழுதிய தன்வரலாறு மிகச் சிறியது. தாம் ஆசானாக நின்று வழிகாட்டிய உடன்பிறந்தாரே தெருவில் தம்மைக் கண்டும் காணாதவர்போலக் கடந்து சென்றனர் என்று அதில் குறிக்கிறார். ஆண்டுகள் பல கழித்து, தனிமை தாங்காது சபைக்குப் பணிந்தார். பணிந்த சில நாள்களில், அவர் வீட்டிலேயே வாழ்ந்த சகோதரியின் மகன், மாமன் உணவு விதிகளைப் பேணுவதில்லை என்று பிறரிடம் கூறிவிட்டான். உறவினர் பகைத்தனர்; நிகழவிருந்த திருமணம் தடைப்பட்டது. யூத சமயத்தில் சேர வந்த கிறித்தவர் இருவரைச் சேரவேண்டா என்று தடுத்ததாக மீண்டும் விலக்கப்பட்டார். ஏழாண்டுகள் நோயிலும் பார்ப்பாரின்றிக் கிடந்தார். 1640இல் மறுபடியும் பணிந்தார். நிறைந்த கூட்டத்தின் நடுவே குற்றங்களை வாய்விட்டுப் படிக்கச் செய்து, தூணிற் கட்டி முப்பத்தொன்பது கசையடி கொடுத்தனர். பின்னர் வாயிற்படியிற் கிடத்தினர். சபையோர் ஒவ்வொருவராக அவரைத் தாண்டி வெளியேறினர். அதன்பின் நெடுநாள் அவர் வாழவில்லை. தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார்.

அத்தன்வரலாற்றை 1687இல் அச்சேற்றியவர் லிம்போர்க் என்னும் கிறித்தவ இறையியலார். 1619இல் விலக்கப்பட்ட அப்போதகர்களின் மரபினர். பிறர் கை அதில் பட்டிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். ஆயினும், வாயிற்படியில் கிடந்தவரைத் தாண்டிச் சென்றவர்களை நினையாதிருக்க இயலவில்லை. எழுவர் இட்ட ஆணையை நிறைவேற்றியவர்கள் அவர்கள்தாம். அவர்களிற் பெரும்பாலோர் நல்லவர்களாகவே இருந்திருப்பர்.

இது யூதர்க்கு மட்டும் உரிய இயல்பன்று. 1888இல் கடல் கடந்து கல்வி கற்கப் புறப்பட்ட காந்தியடிகளைப் பம்பாய் நகரில் மோத் வணிகர் சாதியார் விலக்கினர். ஆணையிட்ட தலைவர் அவர் தந்தையாரோடு நல்லுறவு பூண்டிருந்தவர். உதவுவோர்க்கும் கப்பல் துறையில் வழியனுப்புவோர்க்கும் ஒரு ரூபாய் நான்கணா தண்டம்! காந்தியின் பயணப் பணம் மைத்துனரிடம் இருந்தது. சாதிக்கு அஞ்சி அவர் அதைத் தர மறுத்தார். நண்பர் ஒருவர் கடன் தந்ததால் கப்பலேற முடிந்தது. திரும்பி வந்தபின்னும், தமக்கை வீட்டிலோ மாமனார் வீட்டிலோ அவர் தண்ணீர் அருந்தியதில்லை. மறைவாகத் தர அவர்கள் ஆயத்தமாக இருந்தனர். மறைவில் பெற அவர் இசையவில்லை.

ஆம்ஸ்டர்டாம் சபை 1622 முதல் 1683 வரை ஏறத்தாழ நாற்பது பேரை இவ்வாறு விலக்கியது. பெரும்பாலோர் சில நாள்களிலோ சில ஆண்டுகளிலோ மன்னிப்புக் கேட்டு மீண்டனர். ஸ்பினோசா கேட்கவில்லை. தம்பி கேப்ரியலோடு நடத்திய வாணிகத்தை விட்டு நீங்கினார். கண்ணாடி வில்லைகளைத் தேய்க்கும் தொழிலை மேற்கொண்டார். வேறெந்தச் சமயத்திலும் சேரவில்லை. 1670இல் பெயரின்றி வெளியிட்ட சமய அரசியல் ஆய்வு நூலில், கருத்துரிமையால் நாட்டமைதி கெடாது என்று வாதிட்டார். 1674இல் ஹாலந்து அரசு அந்நூலைத் தடை செய்தது. 1677இல் ஹேக் நகரில் அவர் இறந்தபோது, சகோதரி ரெபேக்கா வாரிசுரிமை கோரி வந்தார். கடனும் செலவும் கணக்கிட்டபின் அவரும் அவ்வுரிமையைக் கைவிட்டார்.

2015ஆம் ஆண்டு அந்நகர யூத சமூகத்தார், அறிஞர் சிலரை அழைத்து அவ்விலக்கை நீக்கலாமா என்று ஆராய்ந்தனர். ரப்பி இசையவில்லை. ஆணை நீக்கப்படவில்லை.